தனியாக ஓட்ட ஒரு சின்னப் பாய்மரப் படகு: லேசரா, சன்ஃபிஷ்ஷா, கேபின் வைத்த பெரிய படகா?

மாலைக்காற்று:

வணக்கம் நண்பர்களே. சொந்த ஊர் மதுரை, இப்போது டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். இங்கே அவுட்டர் ஹார்பரில் உள்ள ஒரு கிளப்பில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு சில கோடைகளாக ஓட்டி வருகிறேன். கிளப்பில் இருப்பது ஆல்பகோர், 15 அடி நீளம், இரண்டு பேர் ஓட்டுவது. முன்னால் இருப்பவர் சின்னப் பாயைப் பார்த்துக்கொள்வார், பின்னால் இருப்பவரிடம் பெரிய பாயும் சுக்கானும். கற்றுக்கொள்ள அருமையான படகு, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது வேறு என்று இப்போது நன்றாகத் தெரிகிறது.

ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்குத் தண்ணீருக்குப் போய், இருட்டுவதற்குள் ஒரு மணி இரண்டு மணி நேரம் தனியாக ஓட்டிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். போட்டி வேண்டாம், எங்கேயும் போய்ச் சேரவும் வேண்டாம். இங்கே ஜூன், ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஆனால் கூட வர ஆள் தேடி, வாட்ஸாப்பில் கேட்டு, வருகிறேன் என்றவருக்குக் கடைசி நேரத்தில் வேறு வேலை வந்து, வெளியே காற்று அருமையாக அடித்துக்கொண்டிருக்க நான் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாலைகள்தான் அதிகம்.

இப்போது மூன்று படகு கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று பழைய லேசர். இன்னொன்று அதைவிடப் பழைய சன்ஃபிஷ், பீட்டர்பரோ பக்கம் ஒருவர் விற்கிறார். மூன்றாவது, ஆபீஸில் ஒருவர் தன்னுடைய 22 அடிப் படகை, கேபின், சின்ன இன்ஜின் எல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட சும்மாவே தருகிறேன் என்கிறார். வீட்டில் அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள், குடும்பத்தோடு போகலாமே என்று. நியாயமான பேச்சுதான். ஆனால் மனசு என்னவோ அந்தச் சின்னப் படகுகள் பக்கமே போகிறது, ஏன் என்று எனக்கே கோவையாகச் சொல்லத் தெரியவில்லை.

சின்னப் படகு கொஞ்ச நாளில் அலுத்துவிடுமா? தனியாகப் போவது எவ்வளவு தூரம் சரி? சொந்தமாக வைத்திருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிம்கோ_கரை:

சன்ஃபிஷ்ஷை எடுங்கள். இதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவையில்லை. நான் டொராண்டோவுக்கு வடக்கே பாரி ஊரில் இருக்கிறேன், சிம்கோ ஏரியின் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் ஓட்டுகிறேன்.

உங்கள் மனசு ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆல்பகோரில் உங்கள் கைக்கும் காற்றுக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "திருப்பப் போகிறேன், தயாரா" என்று கேட்டு, அவர் "தயார்" என்று சொன்ன பிறகுதான் திருப்ப முடியும். சன்ஃபிஷ்ஷில் ஒரு பாய், அதை இழுக்கவும் விடவும் ஒரு கயிறு, ஒரு சுக்கான், நடுவில் செருகும் ஒரு பலகை. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் கயிறு. காற்று கொஞ்சம் ஏறினால் முதலில் அந்தக் கயிற்றில்தான் தெரியும், விரலில் இழுவை கூடும், அதற்குள் உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்திருக்கும். யோசித்துச் செய்கிற வேலையாகவே இருக்காது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், நடந்துபோகிற வேகத்தில் போனாலும் நல்ல வேகமாகத் தெரியும். 22 அடிப் படகில் அதே காற்றில் இன்ஜினைப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

சன்ஃபிஷ் 1952இல் அமெரிக்காவில் கனெக்டிகட்டின் வாட்டர்பரி ஊரில் பிறந்தது. அலெக்ஸ் பிரையன், கார்ட்லண்ட் ஹெய்னிகர் என்று இரண்டு பேர். அதற்கு முன் அவர்கள் செய்த செயில்ஃபிஷ் வெறும் தட்டைப் பலகை மாதிரி இருக்கும், காலை நீட்டி அதன் மேலேயே உட்கார வேண்டும். அதில் கால் வைக்க ஒரு பள்ளம் சேர்த்துக் கொஞ்சம் அகலமாக்கியதுதான் இது. நீளம் 13 அடி 9 அங்குலம், பாய் 75 சதுர அடி, எடை 59 கிலோ சுமார். முக்கோணப் பாயை மேலும் கீழுமாக இரண்டு கழிகளில் கட்டிக் குட்டையான பாய்மரத்தில் ஏற்றுவீர்கள். நம் கடற்கரையில் பழைய வல்லங்களில் சாய்வாகக் கட்டுகிற பாயைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் புதிதாகவே இருக்காது.

ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும், விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். சன்ஃபிஷ்ஷில் பாயைக் கயிறு கட்டி ஏற்றுவதால், நடுத்தண்ணீரில் காற்று கெட்டுப்போனால் அந்தக் கயிற்றை அவிழ்த்துப் பாயை இறக்கிவிடலாம், பிறகு துடுப்பு போட்டு வரலாம். லேசரில் பாய் ஒரு உறை மாதிரி பாய்மரத்தின் மேல் மாட்டப்பட்டிருக்கும், இறக்கக் கயிறு கிடையாது. பாய்மரத்தையே குழியிலிருந்து பிடுங்க வேண்டும், இல்லையென்றால் பாயை மரத்தைச் சுற்றிச் சுருட்ட வேண்டும், ஆடுகிற படகில் தனியாளாக. நிம்மதியாக ஓட்டத்தானே கேட்கிறீர்கள், அப்படியானால் இந்த ஒரு வித்தியாசமே போதும்.

அலுக்குமா என்றால், எனக்கு அலுக்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாகப் போவேன். கரைக்குப் பக்கத்தில், மரங்களுக்குப் பின்னாலிருந்து காற்று எப்படி உடைந்து வருகிறது, தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு நகர்ந்து வந்தால் எவ்வளவு நேரத்தில் நம்மை எட்டும் என்று பார்த்துக்கொண்டே போவது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று டீ குடிக்க வேண்டுமா, காற்று பக்கவாட்டில் வருகிற மாதிரி படகை வைத்துக் கயிற்றை முழுசாக விட்டுவிடுங்கள், பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், படகு அப்படியே மிதக்கும். பிளாஸ்க்கைத் திறக்கலாம்.

பழைய_கேபின்:

அந்த 22 அடிப் படகைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதே அளவில் ஒன்று என்னிடம் இருந்தது, விற்றுவிட்டேன்.

சும்மா தருகிறார் என்றால் ஏன் என்று பாருங்கள். படகு சும்மா கிடைக்கும், அதை நிறுத்துகிற இடம் சும்மா கிடைக்காது. கிளப்பில் நிறுத்துமிடத்துக்குப் பணம், அக்டோபரில் கிரேன் வைத்துத் தூக்கப் பணம், குளிர்காலம் முழுக்கக் கரையில் வைக்கப் பணம், ஏப்ரல் கடைசியிலோ மேயிலோ மறுபடி இறக்கப் பணம், இன்சூரன்ஸ், அடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பெயிண்ட், இன்ஜின் சர்வீஸ். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் சாதாரணமாகப் போகும். பணம் கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருக்கிறதே, அதுதான் பெரிது. மேல்மூடி எடுத்து, பாய் உறை கழற்றி, இன்ஜினைக் கிளப்பி, கயிறுகளை அவிழ்த்து, துறைமுகத்தை விட்டு வெளியே வந்து பாய் ஏற்றும்போது ஏழரை மணி. திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி அதே மாதிரி அடுக்க வேண்டும். ஆகவே வேலைநாள் மாலைகளில் நான் போனதே இல்லை என்று சொல்லலாம். சனி ஞாயிறில் குடும்பத்தோடு போனபோது நன்றாகத்தான் இருந்தது, பிள்ளைகள் அந்தக் கேபினுக்குள் விளையாடினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அது இல்லையே. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நினைத்தவுடன் போகக்கூடியது வேண்டும் என்கிறீர்கள்.

குடும்பத்தோடு போக வேண்டுமானால் கோடையில் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். தனியாகப் போகச் சொந்தமாகச் சின்னது வையுங்கள்.

சின்னப் படகு என்றால் ஏதோ குறைந்தது என்று வீட்டில் நினைத்தால் ராபர்ட் மான்ரியைப் பற்றிச் சொல்லுங்கள். நமக்குத் தெற்கே ஈரி ஏரிக்கு அந்தப் பக்கம் கிளீவ்லண்டில் செய்தித்தாள் ஆபீஸில் வேலை பார்த்தவர். வாங்கும்போதே பழையதாக இருந்த ஒரு படகு, பதின்மூன்றரை அடி, டிங்கர்பெல் என்று பெயர். தானே செப்பனிட்டு, சின்னதாக ஒரு கேபினும் வைத்து, 1965இல் அமெரிக்காவின் ஃபால்மத்திலிருந்து இங்கிலாந்தின் ஃபால்மத் வரை 78 நாளில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார். நீங்கள் அப்படிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை, தயவுசெய்து போகாதீர்கள். படகின் நீளத்தை வைத்து ஓட்டுபவரை எடை போட முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

துறைமுகத்தான்_சென்னை:

சென்னையிலிருந்து. லேசருக்காகக் கொஞ்சம் பேச வேண்டும், இல்லையென்றால் அதற்கு இங்கே வக்கீல் இல்லாமல் போய்விடும்.

முதலில் அது உங்கள் ஊர்ப் படகு. வடிவமைத்த புரூஸ் கர்பி கனடாக்காரர். 1969இல் மாண்ட்ரியலிலிருந்து இயன் புரூஸ் போன் செய்து, காரின் மேல் வைத்துக் கொண்டுபோகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேண்டும் என்று கேட்க, பேசிக்கொண்டிருக்கும்போதே கர்பி தாளில் கிறுக்கியதுதான் லேசரின் முதல் படம். அதாவது போட்டிக்கென்று கேட்கப்பட்ட படகே இல்லை, ஊர்சுற்றப் போகிறவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போக. பிறகு 1996இல் ஒலிம்பிக்குக்குப் போனது வேறு கதை. இப்போது அதிகாரபூர்வமாக ஐஎல்சிஏ என்கிறார்கள், கரையில் எல்லோரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் ஊர் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக் போனதும், விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதும் இதே படகில்தான். அதே படகை எடுத்து நீங்கள் சாயங்காலம் ஏரியில் சும்மா மிதக்க விடலாம், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நிம்மதிக்கு வழி அதன் பாயில் இருக்கிறது. ஒரே படகுக்கு மூன்று அளவில் பாய் உண்டு: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். பாய்மரத்தின் கீழ்ப்பாதியையும் பாயையும் மாற்றினால் போதும். பழைய லேசர் வாங்குகிறவர்கள் எல்லோரும் பெரிய பாயோடு வாங்கிவிட்டு, கொஞ்சம் காற்று ஏறினால் வயிற்றுத் தசை எரிய வெளியே தொங்கிக்கொண்டு, இது என்ன நிம்மதி என்று கேட்கிறார்கள். நடுப் பாயை வாங்கிப் போடுங்கள். எண்பது கிலோ ஆளுக்குக் கூட சாதாரணக் காற்றில் அது போதும், உள்ளேயே உட்கார்ந்து ஓட்டலாம்.

இங்கே மே மாதத்தில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். துறைமுகச் சுவருக்கு உள்ளே தண்ணீர் பெரிய அலை இல்லாமல் இருக்கும், காற்று மட்டும் சீராகக் கிடைக்கும். அந்த நேரத்தில் ஒற்றை ஆளாக ஒரு லேசரில் இருப்பதைவிட இந்த ஊரில் சுகமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கட்டாயம். படகு வாங்கியதும் கரைக்குப் பக்கத்தில், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டுமென்றே கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். கவிழ்ந்த படகின் நடுப்பலகை மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் எழுந்துவிடும். அதற்குள் கயிறு இறுக்கிப் பூட்டாமல் தளர்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுந்ததும் ஓடும், மறுபடி கவிழும். இது பழகாமல் தனியாகப் போகாதீர்கள்.

சோளகம்:

தம்பி, நான் வல்வெட்டித்துறைக்காரன், இப்போ டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கிறன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் சின்னப் படகு ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவில் குளோஸ்டர் வரைக்கும் போனது. அதை வாங்கிய வில்லியம் ராபின்சன் அதற்கு முதல் 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்த மனுசன். அந்த ஊரில் பிறந்தவன் பாயைப் பற்றி இரண்டு வார்த்தை கதைக்காமல் போனால் சரியில்லை.

எந்தப் படகு என்று மற்றவர்கள் வடிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்கார்பரோவில் கரை தெற்கைப் பார்த்து இருக்கிறது. வடக்கிலிருந்து வாடை அடிக்கிற நாளில் ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்கிற அந்த மண்மலை அடிவாரத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். 90 மீட்டர் வரைக்கும் உயரம் உள்ள மலை, காற்றை மறைத்துவிடும். அமைதியாக இருக்கிறதே என்று வெளிக்கிட்டுப் போனால், மறைப்பைத் தாண்டினதும் காற்று பின்னாலிருந்து பிடித்துத் தள்ளும், ஏரிக்கு நடுவே கொண்டுபோகும். திரும்பி வருகிற வழி முழுக்கக் காற்றுக்கு எதிர். தனியாள், களைத்துப்போய், இருட்டும் நேரம். ஆகவே கரையிலிருந்து வெளியே தள்ளுகிற காற்றில் தனியாகப் போகாதையுங்கோ, அது எவ்வளவு மெல்லிய காற்றாக இருந்தாலும். கரைக்குத் தள்ளுகிற காற்றோ கரையோரமாகப் போகிற காற்றோ என்றால் ஏதும் பிழைத்தாலும் கடைசியில் கரைக்குத்தான் வந்து சேருவீர்கள்.

அடுத்தது குளிர். ஒன்ராறியோ ஏரியில் ஜூலையிலும் கவனம் வேண்டும். மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், வடகரையில் மேலே இருக்கிற சூடான தண்ணீர் வெளியே போய்விடும், அடியிலிருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். முந்தநாள் குளித்த இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க முடியாது. மானிடோபா பல்கலைக்கழகத்தில் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் படகை நிமிர்த்தி ஏறிவிட வேண்டும். சென்னைத் தம்பி சொன்ன பயிற்சி அதற்குத்தான். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், படகில் இருந்து பிரயோசனமில்லை. மேயிலும் ஜூன் தொடக்கத்திலும் வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடுப்பு) இல்லாமல் இறங்காதையுங்கோ.

தண்ணீரில் வெள்ளை நுரை அங்கங்கே தெரியத் தொடங்கினால் நான் படகை இறக்க மாட்டேன். அது ஒரு பத்து நாட், அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் காற்று. போட்டிக்காரருக்கு அது சாதாரணம். ஆறுதலாகத் தனியாகப் போகிறவனுக்கு அதற்குக் கீழே உள்ள காற்றுத்தான் காற்று. வீட்டில் எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கோ. போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டுங்கோ.

இவ்வளவு சொன்னதால் பயந்துவிடாதையுங்கோ. இதெல்லாம் பழகினபிறகு இருக்கிற சந்தோசம் சொல்லி முடியாது.

சிவப்புப்பாய்:

இங்கிலாந்தில் ரட்லண்ட் வாட்டர் என்ற ஏரிப் பக்கம் இருக்கிறேன். எல்லோரும் சொன்னதை ஒத்துக்கொண்டு ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

லேசரோ சன்ஃபிஷ்ஷோ, அதன் மேல் உட்காருகிறீர்கள், அதற்குள் உட்காருவதில்லை. தண்ணீர் தெறிக்கும், நனைவீர்கள், முட்டி மடங்கியே இருக்கும். இருபத்தைந்து வயதில் அது ஒரு சுகம். எனக்கு நாற்பதுக்கு மேல் வேண்டியிருந்தது உள்ளே இறங்கி, முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்காருகிற படகு. அதனால் மிரர் என்கிற படகு வைத்திருக்கிறேன். 1963இல் டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவில் வந்தது, ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இரண்டு பேரும் சேர்ந்து வடிவமைத்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் ஃபைபர்கிளாஸ் பட்டை ஒட்டி, வீட்டு கராஜிலேயே சாதாரண மனிதர்கள் கட்டும்படி செட்டாக விற்றார்கள். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. 11 அடிக்குள், வெறும் படகு 46 கிலோ சுமார். சிவப்புப் பாய் அதன் அடையாளம். பாய்மரம் இரண்டு துண்டு, கழற்றினால் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். முன்பாயைப் போடாமல் பெரிய பாயோடு மட்டும் மெதுவாகப் போகலாம், காற்று நின்றுவிட்டால் துடுப்பு போட்டு வரலாம். பையில் சாப்பாடு, கம்பளி, ஒரு சின்ன நங்கூரம் எல்லாம் நனையாமல் இருக்கும். கரையோரம் நங்கூரம் போட்டுவிட்டுப் படகுக்குள்ளேயே படுத்துவிடுவேன், படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் காதுக்குக் கீழே கேட்கும்.

கனடாவில் மிரர் கிடைப்பது கஷ்டமாக இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி படகின் பெயரைப் பற்றியது இல்லை. ஓட்டுவது பிடிக்கிறதா, தண்ணீரில் இருப்பது பிடிக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுவது என்றால் சிம்கோக்காரர் சொல்வது சரி. தண்ணீரில் சும்மா இருப்பது என்றால் உள்ளே உட்காருகிற படகைத் தேடுங்கள், கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

மாலைக்காற்று:

எல்லோருக்கும் மிகவும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. வீட்டிலும் படித்துக் காட்டினேன். கேபின் படகு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, குளிர்காலச் செலவைச் சேர்த்துப் பார்த்ததும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

சிவப்புப்பாய் கேட்ட கேள்வியை யோசித்தேன். எனக்கு ஓட்டுவதுதான் பிடிக்கிறது. கயிறு கையில் இழுப்பதும், சரியான கோணத்தில் வரும்போது பாயின் படபடப்பு நின்று படகு சட்டென்று எடுப்பதும், அதற்காகத்தான் போகிறேன். அதனால் நனைவது பிரச்சினை இல்லை. லேசரும் சன்ஃபிஷ்ஷும்தான் மிச்சம், பாயை இறக்க முடியும் என்பதால் சன்ஃபிஷ் பக்கம் சாய்கிறேன். சென்னை நண்பர் வருத்தப்படக் கூடாது, பிறகு ஒரு நாள் லேசரும் வரும்.

சோளகம் ஐயா, நீங்கள் வாடையைப் பற்றிச் சொன்னது மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. அந்த மண்மலைக்குக் கீழே பிளஃபர்ஸ் பார்க்கில்தான் படகை இறக்கலாம் என்று இருந்தேன். முதல் கோடைக்கு ஒன்ராறியோ ஏரியில் வேண்டாம் என்று தோன்றுகிறது. போர்ட் பெரியில் ஸ்கூகாக் ஏரி எப்படி?

பீட்டர்பரோ படகைப் பார்க்க இந்தச் சனிக்கிழமை போகிறேன். பழைய சன்ஃபிஷ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சோளகம்:

ஸ்கூகாக் நல்லது தம்பி. ஆழம் குறைவு, தண்ணீர் கெதியாகச் சூடாகும், கரை எல்லாப் பக்கமும் கிட்ட. ஆனால் ஜூலைக்குப் பிறகு களைச்செடி நிறைய வளரும், நடுப்பலகையிலும் சுக்கானிலும் சுற்றிக்கொள்ளும். படகு காரணமில்லாமல் மெதுவானால் பலகையை ஒருதரம் மேலே இழுத்து விடுங்கோ, கழன்றுவிடும். மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க அங்கே ஓட்டலாம், கொஞ்சம் பழகினபிறகு ஃபிரெஞ்ச்மேன்ஸ் பே பக்கமும் பாருங்கோ, அது மணல்திட்டுக்குப் பின்னால் மறைவாக இருக்கிறது.

சிம்கோ_கரை:

சனிக்கிழமை போகும்போது குளியலறைத் தராசு ஒன்றும் டார்ச்சும் எடுத்துப் போங்கள்.

முதலில் எடை. பழைய சன்ஃபிஷ்ஷின் உள்ளே வெள்ளை நுரைக்கட்டிகள் வைத்திருப்பார்கள், மிதப்பதற்காக. தண்ணீர் பல வருஷம் உள்ளே கசிந்தால் அது ஊறிவிடும். 59 கிலோ இருக்க வேண்டியது எண்பது கூட இருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், தூக்கினால்தான் தெரியும். விற்பவரோடு சேர்ந்து முன்பக்கத்தைத் தராசில் வைத்து ஒரு தடவை, பின்பக்கத்தை வைத்து ஒரு தடவை, இரண்டையும் கூட்டுங்கள். 65 வரை இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். அதிகம் இருந்தால் விலையைக் குறையுங்கள். மேல்தளத்தில் வட்டமாக வெட்டி மூடி போட்டு, உள்ளே காற்றோட்டம் விட்டு உலர்த்தலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்தது பாய்மரக் குழி. அதில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். மட்டம் இறங்கினால் அடியில் விரிசல், தண்ணீர் உள்ளே போகிறது. லேசருக்கும் இதே சோதனைதான். பிறகு மேல்தளத்தில், முக்கியமாக உட்காரும் இடத்தில், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் ஃபைபர்கிளாஸ் பிரிந்திருக்கிறது. நடுப்பலகை செருகும் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சுக்கானைப் பாருங்கள். 1971 வாக்கில் அதன் அமைப்பை மாற்றினார்கள். அதற்கு முந்தைய வெண்கலப் பொருத்து வைத்த பழைய சுக்கானாக இருந்தால் அழுத்தம் வரும்போது கழன்றுகொள்ளும், உதிரிப் பாகமும் சுலபத்தில் கிடைக்காது. புதிய மாதிரிக்கு மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். பாய் பழசாக இருந்தால் கவலைப்படாதீர்கள், நீங்கள் போட்டிக்குப் போகவில்லை, கிழியாமல் இருந்தால் போதும். பாயைத் தாங்கும் அந்த இரண்டு அலுமினியக் கழிகளும் வளையாமல் இருக்கின்றனவா என்று மட்டும் தரையில் உருட்டிப் பாருங்கள்.

இன்ஜின் இல்லாததால் உங்களுக்கு ஓட்டுநர் அட்டை தேவையில்லை. ஆனால் லைஃப் ஜாக்கெட், விசில், மிதக்கிற 15 மீட்டர் கயிறு மூன்றும் சட்டப்படி படகில் இருக்க வேண்டும், ஒரு சின்னத் துடுப்பையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கரையிலிருந்து தண்ணீர் வரை தள்ள இரண்டு சக்கர வண்டி ஒன்று கட்டாயம் வாங்குங்கள், விற்பவரிடம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். 59 கிலோவைத் தனியாகத் தூக்க நினைத்தால் இரண்டாவது வாரமே போக மனசு வராது.

படகைப் பார்த்ததும் குழி, சுக்கான், அடிப்பகுதி மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால். சனிக்கிழமை முழுக்க நான் இங்கேதான் இருப்பேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.